கொடைக்கானல் எஃப்.எம். மதுரையில் கேட்கிறது, மலையிலேயே இருக்கும் எங்கள் வீட்டில் கேட்கவில்லை

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குத் தாண்டிக்குடி பக்கம், கீழ்ப்பழனி மலை. வீடு ஊருக்குள் இல்லை, காப்பித் தோட்டத்துக்குள் ஓடை ஓரமாக ஒரு பள்ளத்தில் இருக்கிறது. மேற்கே உயரமான முகடு, கிழக்கே எதிர்ப்பக்கம் வெறும் பாறைச் சரிவு. தகரக் கூரை.

அப்பாவுக்கு 74 வயது. காலையில் ரேடியோவில் செய்தி கேட்காமல் காப்பி குடிக்க மாட்டார். கொடைக்கானல் 100.5 தான் அவருக்கு எல்லாம். நேர்கோட்டில் பார்த்தால் அந்தக் கோபுரம் இங்கிருந்து இருபது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டில் சமையலறை ஜன்னலில் வைத்த சின்ன ரேடியோவில் கணீரென்று கேட்கிறது, எங்கள் வீட்டில் ஒரே இரைச்சல். ஜன்னல் திண்டில் அப்பா சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார். ரேடியோ அந்தக் கட்டத்துக்குள் இருந்தால் ஓரளவு கேட்கும். நான்கு விரல் தள்ளினால் போச்சு. தூசி தட்டும்போது அம்மா நகர்த்திவிட்டால் அன்றைக்குப் பூராவும் கோபம்தான்.

வத்தலக்குண்டில் ஒரு கடையில் கேட்டேன், பூஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். 650 ரூபாய் கொடுத்து வாங்கி மாட்டினேன், இருந்த சத்தமும் போய்விட்டது. புது ரேடியோ வாங்குவதா, ஆன்டெனா போடுவதா, எதில் பணம் போடலாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மல்லியூர்:

நான் நிலக்கோட்டை. இங்கே எங்கே வைத்தாலும் கொடைக்கானல் எடுக்கும், பைக்கில் போகும்போது போனில் ஹெட்செட் மாட்டிக் கேட்பேன். மலைக்கு அடியில் இருக்கிற எங்களுக்கே இப்படிக் கேட்கிறது, மலைமேல் இருக்கிற உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் ரேடியோவில்தான் ஏதோ கோளாறு. வேறு ரேடியோ வைத்துப் பார்த்தீர்களா?

மிளகுக்கொடி:

பார்த்தேன் அண்ணே. பக்கத்துத் தோட்டத்து ரேடியோ, என் போன், பழைய பிலிப்ஸ், மூன்றும் ஒரே மாதிரிதான். அதே ரேடியோவை முகட்டுக்கு மேலே ரோட்டுக்குக் கொண்டு போனால் ஏரியலை இழுக்காமலே பாடுகிறது.

பழைய_ரேடியோ:

தம்பி, பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரோட்டில் பாடுகிற ரேடியோவுக்கு ஒரு கோளாறும் இல்லை. புதுசு வாங்காதீர்கள். முப்பது வருஷம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

எஃப்.எம். அலைக்கு மலையைச் சுற்றி வரத் தெரியாது. பழைய மீடியம் வேவ் தரையை ஒட்டியே வளைந்து நெளிந்து வந்துவிடும், அதனால்தான் அந்தக் காலத்தில் பள்ளத்தில் இருந்த வீட்டிலும் மதுரையும் திருச்சியும் எடுத்தது. எஃப்.எம். அப்படி இல்லை, ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் பாதையில்தான் போகும். கொடைக்கானல் கோபுரம் கடல் மட்டத்திலிருந்து 2100 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அந்த உயரத்திலிருந்து சமவெளிக்குக் கணக்குப் போட்டால் சுமார் 190 கிலோமீட்டர் வரை தடையில்லாத பார்வை, அதோடு 10 கிலோவாட் சக்தி. மதுரை, விருதுநகர் எல்லாம் அதற்குத் திறந்த மைதானம். உங்கள் வீடு முகட்டின் நிழலில் இருக்கிறது. விளக்குக்கு நேர் அடியில் இருட்டு என்பார்களே, அதேதான்.

ஆனால் ஒன்று, நிழல் என்றால் முழு இருட்டு இல்லை. முகட்டின் விளிம்பில் பட்டுக் கொஞ்சம் வளைந்து கீழே இறங்கும், எதிர்ப் பாறையில் மோதிக் கொஞ்சம் திரும்பி வரும். சிக்னல் உங்கள் இடத்துக்கு வருகிறது, ரேடியோ இருக்கிற இடத்துக்கு வரவில்லை. ஆன்டெனாவை அது வருகிற இடத்துக்குக் கொண்டு போங்கள். செலவு பெரும்பாலும் கேபிளுக்குத்தான்.

பூஸ்டரை எங்கே மாட்டினீர்கள்? வீட்டுக்குள்ளா?

மிளகுக்கொடி:

ஆமாம் ஐயா, வீட்டுக்குள்தான், ரேடியோ பக்கத்தில். டிவி பூஸ்டர் என்றுதான் கொடுத்தார்கள்.

பழைய_ரேடியோ:

அதுதான் விஷயம். டிவி பூஸ்டர்கள் பலவற்றில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை அடைத்துவிடும் வடிகட்டி ஒன்றை உள்ளேயே வைத்திருப்பார்கள், எஃப்.எம். வந்து டிவி படத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக. எஃப்.எம். கேட்க எஃப்.எம்.மை அடைக்கிற டப்பாவை மாட்டியிருக்கலாம். நல்ல பூஸ்டராகவே இருந்தாலும் வீட்டுக்குள் மாட்டிப் பயனில்லை. இரைச்சலோடு வந்து சேர்ந்ததை இரைச்சலோடு சேர்த்துத்தான் பெருக்கும். பூஸ்டர் தேவைப்பட்டால் அதன் இடம் கம்பத்தில், ஆன்டெனா அடியில். முதலில் அது இல்லாமல் முயன்று பாருங்கள்.

வான்அலை:

பழைய_ரேடியோ ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானலையில் பேசுவது) உரிமம் வைத்திருப்பவன், ஏற்காட்டில் கொஞ்ச காலம் இருந்தேன்.

முதலில் அந்த சாக்பீஸ் கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கண்டுபிடித்தது நூற்றுக்கு நூறு சரி. 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் ஏறக்குறைய 3 மீட்டர். முகட்டிலிருந்து ஒரு அலை, பாறையிலிருந்து ஒரு அலை, தகரத்தில் பட்டு இன்னொரு அலை என்று வந்து சேரும்போது ஓரிடத்தில் ஒன்றோடொன்று கூடும், முக்கால் மீட்டர் தள்ளி இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். வீட்டுக்குள் சுவர், கட்டில், பீரோ எல்லாம் சேர்ந்து இதை இன்னும் சிக்கலாக்குவதால் நான்கு விரலிலேயே வித்தியாசம் தெரிகிறது. அதனால் அம்மாமேல் கோபப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், கட்டத்தை மட்டும் அழிக்காமல் வையுங்கள்.

அடுத்தது, இரைச்சல் என்று பொதுவாகச் சொல்கிறீர்கள். எந்த மாதிரி இரைச்சல்? மழை பெய்வதுபோல் ஒரே சீராக 'உஸ்' என்றால் சிக்னல் பலவீனம். பேச்சு பலமாகவே கேட்டு, 'ச', 'ஸ' வரும் இடத்தில் மட்டும் கிழிந்த துணிபோல் கரகரத்தால் அது எதிரொலி அலைகளின் வேலை. 'டிக் டிக்' என்றோ 'கொர்' என்றோ வந்தால் வீட்டிலோ பக்கத்திலோ ஏதோ ஒரு மின்சாரப் பொருள் செய்கிறது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு, முதலில் இதைக் கவனித்துச் சொல்லுங்கள்.

தேயிலைத்தூள்:

இடையில் ஒன்று. நாங்கள் வால்பாறை. ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கினால் ரேடியோ சுத்தமாக எடுக்காது. பனிதான் அலையைத் தின்றுவிடுகிறது, இதற்கு ஆன்டெனா போட்டு என்ன பிரயோஜனம்?

வான்அலை:

இல்லைங்க, எஃப்.எம். அலையை மூடுபனி ஒன்றும் செய்யாது. மூன்று மீட்டர் அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டே இல்லை. டிஷ் டிவிக்குப் பெருமழை இடைஞ்சல், ஏனென்றால் அந்த அலை இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். உங்கள் வீட்டில் நடப்பது வேறாக இருக்கும். வெளியே ஏரியல் கேபிள் இருக்கிறதா? இணைப்புக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம். இல்லை, வீட்டைச் சுற்றி அடர்த்தியான மரங்கள் நனைந்து தொங்கினால் கொஞ்சம் குறையும்.

தேயிலைத்தூள்:

கேபிள் இருக்கிறது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கிறது. பனி வரும்போது ஈரமும் வரும், நான் பனிமேல் பழி போட்டிருக்கிறேன். நன்றி.

மிளகுக்கொடி:

இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டேன். பகலில் 'உஸ்'ஸும் வருகிறது, 'ச' கரகரப்பும் வருகிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் இவை போதாதென்று 'கொர்'. அது போக விநாடிக்கு ஒரு 'டிக்', கடிகாரம் மாதிரி, இரவு முழுக்க.

கோத்தகிரிக்காரி:

அந்த 'டிக்' எனக்குத் தெரியும்! தோட்டத்துக்கு சோலார் வேலி போட்டிருக்கிறீர்களா? எங்களுக்குக் காட்டுமாடு தொல்லை, வேலி போட்ட நாளிலிருந்து ரேடியோவில் அதே துடிப்பு. வேலி மிஷின் விநாடிக்கு ஒரு முறைதான் அடிக்கும். கம்பியில் புல்லோ கொடியோ பட்டுக்கொண்டிருந்தால், அல்லது இன்சுலேட்டர் உடைந்திருந்தால், அந்த இடத்தில் சின்னதாகப் பொறி பறக்கும். இருட்டில் வேலி ஓரமாக நடந்தால் கண்ணுக்கே தெரியும், 'சட் சட்' என்று சத்தமும் கேட்கும். மிஷினை நிறுத்திவிட்டு அங்கே சுத்தம் செய்தாலே பாதி போய்விடும், வேலியும் நன்றாக அடிக்கும்.

அப்புறம் ஆறரை மணி 'கொர்' எல்.இ.டி. பல்புதான். விலை குறைந்த பல்புகளில் இரைச்சலை அடக்கும் பாகங்கள் எதையும் வைப்பதில்லை. ரேடியோவை பேட்டரியில் ஓடவிட்டு, மெயினை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அமைதியானால் ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்துத் திருடனைப் பிடியுங்கள். எங்கள் வீட்டில் அது பூஜை அறையில் இருந்த பல்பு. போன் சார்ஜரையும் விடாதீர்கள்.

மிளகுக்கொடி:

சோலார் வேலி இருக்கிறது அக்கா. காட்டுமாடும் பன்றியும்தான். இதை ரேடியோவோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. இன்றைக்கு ராத்திரி டார்ச் இல்லாமல் நடந்து பார்க்கிறேன்.

மல்லியூர்:

எதற்கு இவ்வளவு கஷ்டம்? ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலி இருக்கிறது, அதில் போனிலேயே கேட்கலாம். டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியிலும் ஆகாசவாணி அலைவரிசைகள் வருகின்றன.

மிளகுக்கொடி:

செயலி எனக்கும் தெரியும் அண்ணே. எங்கள் பள்ளத்தில் போனுக்கு ஒரு கோடு சிக்னல் வந்தால் அதிசயம். டிஷ்ஷுக்குக் கரண்ட் வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலைமேல் ஏறிவந்தபோது மரமெல்லாம் சாய்ந்து, ரோடு அடைத்து, கரண்ட்டும் இல்லை, போனும் இல்லை. எங்களுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று சொன்னது இரண்டு பேட்டரி போட்ட இந்த ரேடியோ ஒன்றுதான், அதுவும் அப்பா முகட்டுக்கு ஏறிப்போய் நின்று கேட்டுவிட்டு வந்து சொன்னார். அடுத்த முறை அவர் மழையில் அங்கே ஏறக் கூடாது. அதனால் வீட்டிலேயே, பேட்டரியிலேயே கேட்க வேண்டும்.

வான்அலை:

புரிகிறது. அப்படியென்றால் முறையாகவே செய்வோம்.

முதல் வேலை இடம் தேடுவது. ரேடியோவின் ஏரியலைப் பாதி மட்டும் இழுத்து, சத்தத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஐம்பது அடிக்குள் எல்லா மேட்டிலும் நில்லுங்கள். பாதி ஏரியலிலேயே பாடுகிற இடம்தான் உங்கள் இடம். வீட்டின் மேற்குப் பக்கம் முகட்டை ஒட்டிப் போகத் தோன்றும், கோபுரத்துக்குப் பக்கம் என்பதால். அது தப்பு. முகட்டின் அடியில்தான் நிழல் ஆழமாக இருக்கும், அதைவிட்டு எதிர்ப்பக்கம் விலகி நின்றால்தான் விளிம்பில் வளைந்து வரும் அலை எட்டும். சுவர் மறைக்கிறது என்றால் சுவரை ஒட்டி நின்று எட்டிப் பார்ப்போமா, பின்னால் தள்ளி நின்று பார்ப்போமா, அது மாதிரி.

இரண்டாவது ஆன்டெனா. டைபோல் போதும், நடுவில் பிரித்த இரண்டு கம்பிகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் எளிய ஆன்டெனா அது. 100.5க்கு இரண்டு கைகள், ஒவ்வொன்றும் 71 சென்டிமீட்டர், நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. விரல் பருமன் அலுமினியக் குழாய் நல்லது, கிடைக்காவிட்டால் தடித்த செம்புக் கம்பி. பி.வி.சி. பைப்பிலோ காய்ந்த மரச்சட்டத்திலோ கட்டுங்கள். டிஷ்ஷுக்குப் போடுகிற ஆர்.ஜி.6 கேபிள், 75 ஓம், இதற்கு அப்படியே பொருந்தும். நடுக் கம்பி ஒரு கைக்கு, மேல் வலை இன்னொரு கைக்கு. இணைத்த இடத்துக்குக் கீழே கேபிளை ஒரு ஜாண் அகல வட்டமாக ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள், கேபிளின் வெளிவலை வழியாக வீட்டு இரைச்சல் ஏறுவதை அது தடுக்கும். முப்பது மீட்டர் கேபிள் போட்டாலும் சுமார் 2 டெசிபல்தான் இழப்பு, கவலைப்படாதீர்கள்.

கைகள் தரைக்கு இணையாகவா நட்டுக்குத்தலாகவா என்று கேட்பீர்கள். இரண்டையும் முயலுங்கள். மலையில் மோதி வருகிற அலை எந்தச் சாய்வில் வருமென்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. படுக்கையாக வைத்தால் ஒரு வசதி உண்டு, டைபோலின் இரண்டு நுனிகளும் எந்தத் திசையைக் காட்டுகின்றனவோ அங்கிருந்து எதையும் எடுக்காது. 'ச' கரகரப்பு குறையும் வரை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். சத்தம் அதிகமாகும் திசையைத் தேடாதீர்கள், பேச்சு தெளிவாகும் திசையைத் தேடுங்கள்.

ஹட்டன்காரன்:

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் தோட்டத்து லயன் வீடுகளும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) தகரம் போட்டவைதான், உங்கள் பிரச்சினை எங்களுக்கும் அன்றாடம் உள்ளது. தகரத்துக்குக் கீழே எவ்வளவு நல்ல ஏரியல் வைத்தாலும் சரிவராது, கட்டாயம் தகரத்துக்கு வெளியே போக வேண்டும், அதுவும் தகரத்தை ஒட்டாமல் குறைந்தது ஒன்றரை மீட்டர் மேலே.

இன்னொன்று, இங்கே ஒரே சேவையைப் பகுதிக்குப் பகுதி வெவ்வேறு அலைவரிசையில் தருகிறார்கள். பக்கத்து மலையின் கோபுரம் எடுக்காவிட்டாலும் தூரத்துக் கோபுரம் ஒன்று பள்ளத்தாக்கின் வாய் வழியாக நேரே வந்து விழும். உங்கள் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? அந்தப் பக்கம் ஏதாவது நிலையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மிளகுக்கொடி:

தென்கிழக்கே ஒரு இடைவெளி உண்டு, வானம் தெளிவாக இருந்தால் அதன் வழியாக சமவெளி தெரியும். ஆமாம், மதுரை 103.3 சில நேரம் இடையிடையே தலைகாட்டும்! அதையும் பார்க்கிறேன்.

கேபிளை ரேடியோவில் எப்படிக் கொடுப்பது? இதில் ஏரியல் சாக்கெட் கிடையாது.

பழைய_ரேடியோ:

நடுக் கம்பியை ஒரு குரோகடைல் கிளிப்பில் கொடுத்து, ரேடியோவின் ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொள்ளச் செய்யுங்கள். ஏரியலை முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள், இழுத்து வைத்தால் வீட்டு இரைச்சலை அது பிடிக்கும். கேபிளின் வலையை பேட்டரி அறையில் ஸ்பிரிங் இருக்கிற பக்கம், அதாவது நெகடிவ் முனையில், ஒரு சின்னக் கம்பியால் கொடுங்கள். அனேகமாக எல்லோரும் இதை விட்டுவிடுவார்கள், விட்டால் பாதிப் பலன்தான் கிடைக்கும். ஸ்டீரியோ சுவிட்ச் இருந்தால் மோனோவில் வையுங்கள், பலவீனமான சிக்னலில் அது ஒன்றுக்கே உஸ்ஸில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

வெளி இணைப்புகளைத் தேயிலைத்தூள் கதை ஆகாமல் டேப் சுற்றி, மேலே எம்-சீல் பூசிவிடுங்கள்.

தேயிலைத்தூள்:

எங்கள் வீட்டில் கனெக்டரை வெட்டிப் புதுசு போட்டேன். மூன்று நாளாகப் பனி, ரேடியோ பாடுகிறது.

மிளகுக்கொடி:

பத்து நாள் கழித்து வருகிறேன். வரிசையாகச் சொல்கிறேன்.

வேலியில் மூன்று இடத்தில் பொறி பறந்தது. இரண்டு இடத்தில் கொடி ஏறியிருந்தது, ஓரிடத்தில் இன்சுலேட்டர் விரிசல். சரிசெய்தபின் 'டிக்' காது கொடுத்துக் கேட்டால்தான் தெரிகிறது. 'கொர்' திண்ணையில் இருந்த பல்பு, மாற்றியாயிற்று.

இடம் தேடியதில்தான் ஆச்சரியம். வீட்டுக்கு மேற்கே ஓர் இடத்திலும் இல்லை. கிழக்கே, காப்பி காயப்போடுகிற களத்துக்கும் அப்பால், தண்ணீர்த் தொட்டி இருக்கும் பாறைமேல் ஏறி நின்றேன், பாதி ஏரியலில் பேச்சு முழுசாக வந்தது. முகட்டைவிட்டு விலகச் சொன்னீர்களே, அதேதான். அங்கே மூங்கில் நட்டு, அலுமினியக் குழாய் கிடைக்காமல் செம்புக் கம்பியில் டைபோல் கட்டினேன். கேபிள் 28 மீட்டர். நான் கழியைத் திருப்ப, அம்மா வீட்டுக்குள் ரேடியோ பக்கம் நிற்க, நடுவில் என் மகள் களத்தில் நின்று கத்திக் கத்திச் செய்தி கடத்தினாள். நட்டுக்குத்தலாக வைத்தால் சத்தம் அதிகம், ஆனால் கரகரப்பு அப்படியே இருந்தது. படுக்கையாக வைத்து, மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்ததில் ஒரு கோணத்தில் கரகரப்பு நின்றது. பேசுகிறவர் எச்சில் விழுங்குவதுகூடக் கேட்கிறது.

பூஸ்டர் இல்லை, ரேடியோவும் அதே பழைய ரேடியோ. மொத்தம் 900 ரூபாய்க்குள் முடிந்தது. மதுரையும் தெளிவாக வருகிறது. அப்பா ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு கேபிள் எட்டும் தூரம் வரை நடந்து பார்த்தார், எங்கே வைத்தாலும் பாடியது. ஒன்றும் பேசாமல் கட்டிலில் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். ஜன்னல் திண்டு இப்போது அம்மாவுக்கு.

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஒரே ஒரு பயம், ஐப்பசி இடி. பாறைமேல் கழி தனியாக நிற்கிறது.

கோத்தகிரிக்காரி:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. மகளுக்கு ஒரு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்.

வான்அலை:

பயப்பட வேண்டிய விஷயம்தான், சரியாகக் கேட்டீர்கள். இடி சத்தம் தூரத்தில் கேட்டவுடனேயே கிளிப்பைக் கழற்றி, கேபிளின் நுனியை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். கழற்றினால் போதும் என்று வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள், அதுவும் தலைமாட்டில். மின்னல் தலைக்குமேல் வந்தபின் கேபிளைத் தொடவே கூடாது. வீட்டுக்குள் நுழையும் முன்பாகக் கேபிளின் வலையை ஒரு தடித்த கம்பியால் ஈரமான இடத்தில் அடித்த எர்த் ராடுக்குக் கொடுத்துவிடுங்கள். நேரடி இடியை இது தடுக்காது, ஆனால் பக்கத்தில் விழும் இடியால் கேபிளில் ஏறுவதை மண்ணுக்கு இறக்கிவிடும். கழி சாய்ந்தால் கரண்ட் லைன்மேல் விழாத தூரத்தில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி:

லைன் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் போகிறது, விழாது. ராடை ஓடைப் பக்கம் அடிக்கலாம், அங்கே மண் எப்போதும் ஈரம். சனிக்கிழமை வத்தலக்குண்டு போகிறேன், ராடும் கம்பியும் வாங்கி வந்துவிடுகிறேன். கேபிளை இரவில் கழற்றி வைக்கும் வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார், அதற்கென்று ஜன்னலுக்கு வெளியே ஓர் ஆணியும் அடித்துவிட்டார்.